இரண்டாவது கியர்

அக்டோபர் 3, வெள்ளி

ஏலக்காய்க் கடையில் வருசா வருசம் கொடுக்கிற டைரி இது. இதுவரை எழுதாமல் கிடந்தது. வீட்டுக்காரர் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார் என்று தினமும் எழுதி வைக்கும்படி மதுரை டாக்டர் அம்மா சொன்னதால் இன்று எடுத்தேன்.

காலையில் கஞ்சி, கால் டம்ளர். மதியம் வேண்டாம் என்றார். சாயங்காலம் ரசத்தில் கரைத்த சோறு, நாலு வாய். எல்லாம் உப்பில்லாமல். வயிற்றில் நீர் கோர்க்கிறது, உப்பே ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு இல்லாத உப்பு எனக்கு மட்டும் எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். அடுப்படியில் உப்பு ஜாடி சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இந்த மனிதர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஈரல் போய்விட்டது என்றால் சூரன்பாறையில் ஒருவரும் நம்பவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "முன்னாடியே விட்டுருக்கலாம்ல" என்கிறார்கள். எதை விடுவது, வெற்றிலையையா? வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, இதையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கிளம்பும்போது டாக்டர் அம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சில விசயங்கள் சொன்னார். அதை எழுதச் சொல்லவில்லை.

அக்டோபர் 4, சனி

காலையில் கஞ்சியை வாயில் வைத்தவர் துப்பிவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, "பரமனுக்குப் போனப் போடு. கியர் பாக்ஸை இறக்கணும்" என்றார்.

பரமன் அவருடைய தம்பி. போடியில் ஒரு பட்டறையில் மெக்கானிக். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை.

"எந்திரிச்சு உக்கார முடியல. இப்ப எதுக்கு கியர் பாக்ஸு?" என்று கேட்டேன்.

"வண்டி இனிமே அவனுக்குத்தான. கியர் எகிறுற வண்டிய எப்படிக் குடுக்க? அவன் ஒண்டிக்கட்டை. பக்கத்துல உக்காந்து புடிச்சுக்கிட ஆள் இருக்கா?"

டாக்டர் அம்மா இதைப் படித்தால் ஒன்றும் புரியாது என்பதால் எழுதுகிறேன். எங்கள் ஜீப் எங்கள் கல்யாணத்தைவிட வயதானது. மொத்தம் மூன்று கியர்தான். மலை இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், கியர் கம்பி 'டக்'கென்று எகிறி நியூட்ரலுக்கு வந்துவிடும். அப்புறம் வண்டி அதன் இஷ்டத்துக்கு ஓடும். இந்தப் பாதையில் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. அதனால் சூரன்பாறையில் இருந்து அடிவாரத்து முந்தல் வரைக்கும் நான் இடது பக்கம் உட்கார்ந்து வலது கையால் கியரை அழுத்திப் பிடித்துக்கொண்டே வருவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இருந்து யாரைப் பார்க்கப் போகிறேன் என்று எல்லா நடைக்கும் கூடவே போனேன். பின்னால் காப்பிக்கொட்டை மூட்டை இருக்கும், ஏலக்காய் இருக்கும், பிரசவத்துக்குப் போகிற பெண்கள் இருப்பார்கள். ஒரு தடவை மாலையும் கழுத்துமாகக் கல்யாணப் பெண்ணே இருந்தாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை எடுத்தால் எல்லோரும் பள்ளத்தில்தான்.

சரி செய்யுங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம், "அதான் நீ இருக்கேல்ல" என்பார். என் வலது உள்ளங்கையில் காய்ப்பு காய்த்துக் கிடக்கிறது. மருதாணி கூட அந்த இடத்தில் பிடிக்காது.

சாப்பாடு: ஒன்றும் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

பரமன் காலையிலேயே வந்துவிட்டான். வண்டியைக் கீழே பட்டறைக்குக் கொண்டுபோய்ச் செய்யலாம் என்றான். அவர் கேட்கவில்லை. என் கண் முன்னாடிதான் பிரிக்கணும் என்று ஒரே பிடிவாதம். தகரக் கொட்டகைக்குள் வண்டி நிற்கிறது. அதன் பக்கத்திலேயே கட்டிலைத் தூக்கிப் போடச் சொன்னார்.

அக்கம்பக்கத்து ஆண்கள் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, கயிறு கட்டிக் கியர் பெட்டியை இறக்கினார்கள். அவர் கட்டிலில் படுத்தபடியே, "அந்தப் பக்கம் சாயுதுடா, கண்ணு எங்க இருக்கு" என்று எல்லோரையும் ஏசினார். ஏசி முடித்ததும் கஞ்சி கேட்டார். முழு டம்ளரும் காலி. நம்ப முடியாமல் டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பெட்டியைப் பிரித்தாயிற்று. பழைய ஆயில் கறுப்பாக, கெட்ட நாற்றத்தோடு வந்தது. பற்சக்கரங்களை டீசலில் கழுவுகிற வேலை எனக்கு. ஒவ்வொன்றாகக் கழுவிச் சாக்கில் பரப்பினேன்.

"பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்க்காத. புளி போட்டுருவ போல" என்றார்.

"பாத்திரம் தேய்ச்சுக் குடுத்தா அதுல சோறு போட்டுச் சாப்பிடலாம். இதுல என்ன போடுறது?" என்றேன்.

சிரித்தார். சிரித்தால் வயிறு வலிக்கிறது. இருந்தாலும் சிரித்தார்.

இரண்டாவது கியரின் பல் சக்கரத்தைப் பரமன் தூக்கிக் காட்டினான். ஓரமெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தது. அவர் அதை வாங்கிக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். "இத்தன வருசம் இதையா புடிச்சிட்டு இருந்த" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, காய்ப்பு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பரமன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இட்லி ஒன்று முழுதாக. கஞ்சி அரை டம்ளர். டாக்டர் அம்மா பார்த்தால் சந்தோசப்படுவார்.

அக்டோபர் 9, வியாழன்

பரமன் சாமான் வாங்க மதுரை போயிருக்கிறான். அவர் பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முகச்சவரம் செய்துகொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "சாமான் வருதுல்ல" என்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு

புதுப் பல், புது பேரிங் எல்லாம் வந்துவிட்டன. ஊசி ஊசியாகச் சின்ன உருளைகள் ஒரு தண்டைச் சுற்றி நிற்க வேண்டும். கிரீஸைத் தடவி ஒவ்வொன்றாக ஒட்டவைக்க வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் எல்லாம் உதிர்ந்துவிடும். பரமனின் விரல் தடி. அதனால் நான்தான் ஒட்டினேன். கடைசி ஊசி நின்றதும், "மதினி, எங்க பட்டறைக்கு வந்துருங்க" என்றான் பரமன்.

கஞ்சி இரண்டு வேளையும். அவித்த உருளைக்கிழங்கு பாதி. மதியம் நன்றாகத் தூங்கினார்.

அக்டோபர் 14, செவ்வாய்

பெட்டி வேலை முக்கால்வாசி முடிந்தது. மேல் மூடி மட்டும் பாக்கி. சாயங்காலம் அவர் பரமனைக் கூப்பிட்டு, "நாளைக்கு மூடிரலாம். மூடிட்டா என் வேலை முடிஞ்சதுடா" என்றார். பின் டயர் இரண்டையும் மழைக்கு முன் மாற்றச் சொன்னார். ஐந்தாவது வளைவில் எப்போதும் மண் சரியும், உள்பக்கமாகவே போ என்று சொன்னார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கட்டிவிட்டார்.

கஞ்சி கொண்டுபோனேன். போதும் என்று கையைக் காட்டினார். டம்ளரைத் தொடவே இல்லை.

அக்டோபர் 15, புதன்

மேல் மூடிக்குள் போட வேண்டிய குறுக்குப் பின்னைக் காணவில்லை.

சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். மூடிக்குள் இரண்டு கம்பிகள் ஓடுகின்றன. ஒரு கம்பி முதல் கியரையும் ரிவர்ஸையும் தள்ளும், இன்னொன்று இரண்டையும் மூன்றையும் தள்ளும். நடுவில் இந்தப் பின் குறுக்கே நின்றால்தான் ஒன்று நகரும்போது மற்றது நகராது. இது இல்லாமல் மூடினால் இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்து பெட்டி இறுகிக்கொள்ளும், இறக்கத்தில் சக்கரம் அப்படியே நின்றுவிடும் என்றான் பரமன். பின் இல்லாமல் மூடமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

எல்லோரும் தேடினோம். சாக்கை உதறினோம். கட்டிலுக்கு அடியில் பார்த்தோம். நானும் விளக்குமாறு எடுத்துக் கொட்டகை முழுக்கக் கூட்டிப் பார்த்தேன். கோழி முழுங்கியிருக்கும் என்றேன். பரமன் கோழியைப் பார்த்தான்.

அவர் நாங்கள் தேடுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு, "தேடுங்க, இங்கதான் எங்கயாச்சும் கெடக்கும்" என்றார். கஞ்சி இருக்கிறதா என்று கேட்டார். முக்கால் டம்ளர்.

அடுப்படியைச் சுத்தம் செய்தேன். உப்பு ஜாடியை மேல் தட்டில் ஏற்றி வைத்தேன். கீழே இருந்தால் ஈரம் இழுக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

பரமன் நேற்று நடந்தே கீழே இறங்கினான். கடைசல் பட்டறையில் கொடுத்து அதே அளவுக்கு ஒரு பின் கடைந்து வாங்கி வருகிறேன் என்று போனவன், இன்று மதியம் திரும்பினான். நேராகக் கொட்டகைக்குப் போய் அண்ணனிடம் கொஞ்ச நேரம் பேசினான். எனக்கு உள்ளே அடுப்பு வேலை.

வெளியே வந்து, "கடைசல் பட்டறை பூட்டிக் கெடக்கு மதினி. தீவாளி முடிஞ்சுதான் தொறப்பாங்களாம்" என்றான்.

பட்டறைக்காரர்களும் மனிதர்கள்தானே, நாலு நாள் முன்னதாகவே ஊருக்குப் போய்ப் பண்டிகை கொண்டாடட்டும். பரமனுக்கு இன்று முட்டை பொரித்துக் கொடுத்தேன். அவனுக்கு மட்டும் உப்பு போட வேண்டும். அக்கம்பக்கத்தில் ஒரு கை வாங்கி வந்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நல்ல நாள். வெயில் அடித்தது. பெட்டிக்குச் சாக்கைப் போர்த்தி வைத்திருக்கிறோம். அண்ணனும் தம்பியும் தரையில் கரியால் கட்டம் போட்டு, நட்டு எல்லாம் ஆடு, போல்ட்டு மூன்றும் புலி என்று ஆடுபுலி ஆட்டம் ஆடினார்கள். அவர் கள்ள ஆட்டம் ஆடினார். பரமன் கண்டுபிடித்துக் கேட்டதற்கு, "நோயாளிகிட்ட சண்டைக்கு வர்ரான் பாரு" என்று என்னிடம் புகார் சொன்னார்.

அவருக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, ஆனால் ஆள் இருக்கிறார். கொட்டகையில் அவர் குரல் கேட்கிறது. நான் அடுப்படியில் இருந்துகொண்டே கேட்கிறேன். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

கஞ்சி இரண்டு வேளை. இடியாப்பம் ஒன்று. பால்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி. அவர் நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்தேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 24, வெள்ளி

வயிறு இறுகிவிட்டது. தொப்புள் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. போன மாதம் போடி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நீரை இறக்கியதும் உடனே மூச்சு லேசானது. மறுபடி நிரம்பினால் கூட்டிவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

கூட்டிப்போக வண்டி வேண்டும். சூரன்பாறையில் இருக்கிற ஒரே வண்டி கொட்டகையில் பெட்டி இல்லாமல் நிற்கிறது. கீழே இருந்து வேறு ஜீப் கூப்பிட்டுப் பார்த்தான் பரமன். மழையில் ஐந்தாவது வளைவைத் தாண்டி ஏற ஒருவரும் சம்மதிக்கவில்லை.

கடைசல் பட்டறை திறந்துவிட்டதா என்று பரமனிடம் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். "தெரியல மதினி" என்றான்.

கஞ்சி கால் டம்ளர்.

அக்டோபர் 27, திங்கள்

விடாத மழை. பரமன் நனைந்துகொண்டே கீழே போய் வலிக்கு மாத்திரை வாங்கி வந்தான். மாத்திரை வாந்தியாகிவிட்டது.

ஊர்க்காரர்கள் வந்து டோலி கட்டித் தூக்கிப்போகலாம் என்றார்கள். நாலு பேர் தயாராகப் போர்வையும் மூங்கிலும் கொண்டுவந்திருந்தார்கள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"இந்த ஊர்ல பாதிப் பேர நான் எறக்கியிருக்கேன். என்னைய யாரும் தூக்க வேணாம். என் வண்டி இருக்கு" என்றார். இதைச் சொல்வதற்குள் நாலு தடவை மூச்சு வாங்கினார்.

அவர்கள் போன பிறகு நான் அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றேன். மேல் தட்டைப் பார்த்தேன். பிறகு வந்து அவர் காலைப் பிடித்துவிட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. காலையில் இருந்து என்மேல் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் எலும்பு ஒவ்வொன்றும் என் மேல் தெரிந்தது. வயிறு மட்டும் வேறு யாருடையதோ மாதிரி.

பரமன் கொட்டகை ஓரத்தில், சாக்குப் போட்ட பெட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பீடி தேடுகிறான் என்று நினைத்தேன்.

மதியம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டார். "மணி, முந்தலுக்கு எறங்குறப்ப பள்ளத்துல என்னென்ன தெரியும், சொல்லு."

"எனக்கு என்ன தெரியும்? நான் கியரையில்ல பாத்துட்டு வருவேன்."

"அதான். ஒரு தடவகூட நீ பாத்ததில்ல. நான் பாட்டுக்கு ஆத்தப் பாரு, அங்க பாருன்னு சொல்லிக்கிட்டே ஓட்டுவேன். நீ ம் ம்னு சொல்லுவ. தலையத் தூக்க மாட்ட." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "பரமனுக்காகன்னு சொன்னதெல்லாம் சும்மா. அவனுக்கு என்ன, மெக்கானிக்கு, அவனா செஞ்சுக்குவான். நீ ஒரு தடவ கைய மடில வச்சுக்கிட்டு வேடிக்க பாத்துட்டு வரணும். நானும் கூட இருக்கணும். அதுக்குத்தான் எறக்கச் சொன்னேன்."

 அவரை மெதுவாகத் தலையணையில் சாய்த்துவிட்டு உள்ளே போனேன்.

உப்பு ஜாடியைக் கீழே இறக்கினேன்.

அக்டோபர் 29, புதன்

பின் கிடைத்துவிட்டது. அடுப்படியில் கிடந்தது. எப்படி அங்கே போனது என்று தெரியவில்லை.

உப்பு ஈரம் பட்டால் இரும்பு என்ன ஆகும் என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு அது தோன்றவே இல்லை. பின் பழுப்பாகத் துரு ஏறி, அங்கங்கே புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. சேலைத் தலைப்பால் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அப்படியே பரமன் கையில் கொடுத்தேன். எங்கே இருந்தது என்று அவன் கேட்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், கைலியில் துடைத்தான், "போதும் மதினி, இது போதும்" என்று எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து வேலையைப் பார்த்தான்.

அவர் கண்ணை மூடியபடியே, "கெடச்சிருச்சா?" என்று கேட்டார்.

"கெடச்சிருச்சுங்க."

"ம். நல்லாத் தேடுன."

அக்டோபர் 30, வியாழன்

டோலி தூக்க வந்த நாலு பேரும் பெட்டியைத் தூக்க வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் பூட்டியாகிவிட்டது. இன்ஜினை ஓடவிட்டு, கிளட்ச்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுக் காட்டினான் பரமன். கட்டிலில் இருந்து காதைக் கொடுத்துக் கேட்டார். இரண்டாவது விழுந்ததும், "ஆங்" என்றார்.

கஞ்சி இரண்டு வாய்.

அக்டோபர் 31, வெள்ளி

மழை விட்டிருந்தது. அவரைத் தூக்கி முன்சீட்டின் ஓரத்தில் உட்காரவைத்து, கீழே விழாமல் துண்டால் சேர்த்துக் கட்டினோம். அவருக்கும் கியருக்கும் நடுவில் நான். பரமன் ஓட்டினான். ஊர் எல்லையில் கன்னிமார் கல்லைத் தாண்டியதும் இறக்கம் ஆரம்பிக்கும். பரமன் இரண்டாவதைப் போட்டுக் காலை எடுத்தான்.

என் கை தானாகப் போய்க் கியரைப் பிடித்துவிட்டது. அவர் அந்தக் கையை எடுத்தார். பிடியில் பலமே இல்லை. ஆனாலும் விரல் விரலாகப் பிரித்து எடுத்து, என் மடியில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"விடு. பாரு" என்றார்.

பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். மூன்றாவது வளைவு திரும்பியதும் மொத்தமாகத் திறந்துகொண்டது. கொட்டகுடி ஆறு அடியில் வளைந்து போகிறது. தென்னந்தோப்புகள். போடி ஊர் முழுவதும் ஒரு கூடையில் கொட்டி வைத்த மாதிரி. அதற்கும் அப்பால் தூரத்தில் கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் வெள்ளை வெள்ளையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மலைச்சரிவில் எங்கோ ஓர் ஓடை விழுந்துகொண்டிருந்தது. அது விழுகிற சத்தம் எனக்குத் தெரியும், எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதுதான் இந்த ஓடை என்று இன்றுதான் தெரிந்தது.

"தெரியுதா?" என்றார்.

"தெரியுதுங்க."

"ஆறு?"

"தெரியுது."

திரும்பிப் பார்த்தால் அவர் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். வலியில் உதடு வெளுத்திருந்தது. ஒவ்வொரு குழியிலும் பல்லைக் கடித்தார். ஆனால் கல்யாணம் ஆன புதிதில் வண்டி ஓட்டிக் காட்டும்போது எப்படிப் பெருமையாக உட்கார்ந்திருப்பாரோ, அப்படி உட்கார்ந்திருந்தார்.

கியர் எகிறவில்லை. ஒரு தடவையாவது எகிறாதா என்று நினைத்தேன். முந்தல் வரைக்கும் அது அசையவே இல்லை.

நவம்பர் 1, சனி

போடி ஆஸ்பத்திரி. நீரை இறக்கினார்கள். மூச்சு லேசாக இருக்கிறது என்றார். வீட்டுக்குப் போகலாம் என்றார். டாக்டரும் அதையேதான் சொன்னார்.

நவம்பர் 2, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஏற்றத்தில் அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. யார் ஓட்டுறது என்று இரண்டு தடவை கேட்டார். பரமன்தாங்க என்றேன். "உள்பக்கமாப் போகச் சொல்லு" என்றார்.

தண்ணீர் மூன்று கரண்டி.

நவம்பர் 4, செவ்வாய்

பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன்.

நவம்பர் 5, புதன்

கஞ்சி வைக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சாகிறவரைக்கும் தைரியமான மனுசன், எதற்கும் பயப்படவில்லை என்று பேசிக்கொண்டார்கள். குடியை மட்டும் விட்டிருந்தால் என்று ஒரு கிழவர் ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் அவரே எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

பந்திப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு பரமன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த எதையோ அவிழ்த்து என் முன்னால் வைத்தான். அந்தத் துருப்பிடித்த பின்.

"இது உள்ள போகல மதினி. அரிச்சுப் போச்சு, போட்டாக் கம்பி இழுக்கும்" என்றான்.

"அப்ப வண்டிக்குள்ள இருக்கிறது?"

"அது நான் கடைஞ்சு வாங்குனது."

"எப்ப வாங்குன?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தீவாளிக்கு முன்னாடியே. அன்னிக்கு நடந்து போனேன்ல, அன்னிக்குத்தான். பட்டறையெல்லாம் தொறந்துதான் இருந்துச்சு. கொண்டாந்து அண்ணன்கிட்டக் காமிச்சேன். பையில போட்டு வையின்னுருச்சு."

"ஏன்?"

"நீங்க அத எடுத்தத அண்ணன் பாத்துருக்கு. தூங்குற மாதிரி கெடந்துச்சாம். 'அவளுக்கு இன்னுங் கொஞ்ச நாளு வேணும் போலடா. குடுத்துட்டுப் போறேன்'னுச்சு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வயிறு கல்லாகி மூச்சுக்குத் தவித்தாரே, அத்தனை நாளும் அது உன் சட்டைப் பையில்தானே இருந்தது, உனக்கு மனசே இல்லையா என்று கத்தினேன். பரமன் அழுதான். அந்த மழை நாளில் எப்படியாவது போட்டு மூடிவிடுகிறேன் என்று அண்ணன் காலைப் பிடித்ததாகச் சொன்னான்.

"கேக்கல மதினி. 'அவளா எடுத்துக் குடுக்கட்டும். அவளுக்கு மனசு வராம நீ மூடிட்டீன்னா, நான் போன பெறகு காலம் பூரா ஒன்னையத்தான் திட்டுவா'ன்னு சொல்லிச் சிரிச்சுச்சு."

நான் அவரை ஏமாற்றி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எடுத்த நாட்கள் என்று நினைத்ததெல்லாம் அவர் கொடுத்தது. வலியைத் தாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறார். கேட்டிருந்தால் அப்போதே எடுத்துக் கொடுத்திருப்பேன், கேட்கவே இல்லை.

பரமன் நாளையில் இருந்து வண்டி ஓட்டுகிறான். சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக்கொண்டான். போகும்போது, "இனிமேயாச்சும் சோத்துல உப்புப் போட்டுச் சாப்பிடுங்க" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனான்.

தனியாக உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டேன். உப்பு ஜாடியைத் திறந்தேன். பின் கிடந்த இடத்தில் உப்பு இன்னும் பழுப்பாக இருக்கிறது. அதை ஒதுக்காமல் அந்த இடத்திலேயே எடுத்துப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன்.